நாலு கமல், ஒரே அலமாரி: ‘மைக்கேல் மதன காமராஜன்’ பார்த்து உடுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்தில் காய்கறி வாங்கப் போனாலும் சரி, கோயிலில் பூசைக்கு நின்றாலும் சரி, யாராவது ஒருவர் என் சட்டையைப் பார்த்துவிட்டு “அக்கா, இது எங்கே எடுத்தீங்க, யார் தைச்சது, என்ன யோசனை?” என்று கேட்காமல் விடுவதில்லை. ஒவ்வொருவரிடமும் நின்று பேச எனக்கு ஆசைதான், ஆனால் கையில் மீன் பை இருக்கும், வெயில் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் கேட்ட கேள்விகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து பதில் எழுதிவிட்டேன்.

எந்தப் படம்? ஏன் அந்தப் படம்?

‘மைக்கேல் மதன காமராஜன்’. 1990 தீபாவளிக்கு வந்தது. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், இளையராஜா இசை. பிறந்ததும் பிரிந்துபோன நாலு அண்ணன் தம்பிகளாக கமல்ஹாசனே நடித்திருப்பார்: திருட்டு வேலை செய்யும் மைக்கேல், லண்டனில் இருந்து வந்த பணக்காரர் மதனகோபால், பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன், தீயணைப்புப் படையில் இருக்கும் ராஜு.

நாங்கள் ரப்பர் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டில்தான் வீடியோ டெக் இருந்தது. பட்டணத்துக் கடையிலிருந்து டேப்பை வாடகைக்கு எடுத்து வந்தால், திருப்பிக் கொடுப்பதற்குள் இரண்டு தடவை, மூன்று தடவை போடுவார்கள். சாம்பாரில் மீன் விழும் இடம் வந்தால் வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். அப்போது நான் சிரிக்கத்தான் பார்த்தேன். தைக்கக் கற்றுக்கொண்ட பிறகு அதே படத்தைப் போட்டால் என் கண் துணியிலேயே நிற்கிறது.

சிரிப்புப் படத்தில் உடுப்பைப் பற்றிக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. முகம் ஒன்று, உயரம் ஒன்று, உடம்பு ஒன்று. ஆனாலும் யார் வருகிறார் என்று நமக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். பேச்சு வேறு, நடை வேறு என்பது உண்மைதான், ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தெரிகிறதே, அது உடுப்பால்தான். கதையில் ராஜு மதனாக நடிக்க வேண்டிய கட்டம் வரும்போது கோட்டுக்குள் போகிறார், சுற்றியிருக்கிறவர்கள் நம்பிவிடுகிறார்கள். துணிக்கு அவ்வளவு சக்தி.

இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும்போது போடும் நீளக்கைச் சட்டை ஒன்று இருந்தது. அதில் ரப்பர் பால் பட்டுப் பட்டுக் காய்ந்து, முன்பக்கம் முழுக்கக் கறுப்பும் பழுப்புமாகத் தோல் மாதிரி கெட்டியாகிவிட்டிருக்கும். எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. அம்மா அதைத் தனியாகத்தான் துவைப்பார், தனிக் கொடியில்தான் காயப்போடுவார். அதே அப்பா தோட்டத்து மாரியம்மன் திருவிழா அன்று கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் ஒரு துண்டு போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினால், காலையில் பார்த்த ஆள்தானா இவர் என்று நானே நின்று பார்ப்பேன். முதுகு நிமிர்ந்திருக்கும், நடை மெதுவாகும். வேலையில் அவரை மேய்க்கும் மண்டோரே (கங்காணியே) அன்றைக்கு அவரைப் பார்த்து “வாங்கண்ணே” என்பார்.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு ஆளுக்குள் நாலு ஆள் இருக்கலாம், நாலு பேருக்கும் அலமாரியில் இடம் கொடுக்கலாம். நான் இந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது அந்த ஒரு விஷயம்தான்.

அப்படியே போட்டுக்கொண்டு போனால் மாறுவேடப் போட்டிக்குப் போகிற மாதிரி இருக்காதா?

முழுசாக எடுத்தால் இருக்கும். ஒரு பாத்திரத்திடமிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுங்கள்: ஒரு நிறம், அல்லது ஒரு மடிப்பு, அல்லது தோளில் போடும் ஒரு துண்டு. மற்றதெல்லாம் உங்கள் சாதாரண உடுப்பாகவே இருக்கட்டும். காக்கிச் சட்டை போட்டால் கீழே ஜீன்ஸ். கசவுக் கரை (பொன் சரிகைக் கரை) வைத்த சட்டை போட்டால் காதில் சின்னத் தோடு போதும். படத்தைப் பார்க்காதவர் கண்ணுக்கு நன்றாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று மட்டும் தோன்ற வேண்டும். பார்த்தவர் ஒரு கணம் யோசித்துவிட்டு முகம் மலர வேண்டும். எனக்கு அந்த அளவு போதும்.

எந்த ஆளிலிருந்து ஆரம்பிப்பது?

காமேஸ்வரன். யோசிக்கவே வேண்டாம். வேட்டி, துண்டு, நெற்றியில் திருநீறு. நம் வீட்டில் இல்லாத பொருள் எதுவும் அதில் இல்லை. நம் சீதோஷ்ணத்துக்கும் அதுதான் சரி. வருடம் பூராவும் புழுக்கம், மத்தியானம் வெயில், சாயந்தரம் மழை என்று இருக்கிற ஊரில் வெள்ளைப் பருத்தியைவிட உடம்புக்கு இதமான துணி எது?

ஆண்களுக்குச் சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, அளவு. நாலு முழ வேட்டி ஒற்றை, எட்டு முழம் இரட்டையாக மடித்துக் கட்டுவது. பழக்கமில்லாத தம்பிகள் எட்டு முழத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், நாலு முழத்தில் ஆரம்பியுங்கள், வீட்டிலேயே ஒரு மணி நேரம் கட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். இடுப்பில் சுருட்டும்போது மூச்சை வெளியே விட்டு இறுக்கிச் சுருட்டினால் நிற்கும். இரண்டு, கஞ்சி. சோற்றுக் கஞ்சியை நன்றாகத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து, வடிகட்டிப் போடுங்கள். கெட்டியாகப் போட்டு அலமாரியில் மடித்து வைத்தால் நம் ஊர் ஈரத்துக்குப் புள்ளி புள்ளியாகப் பூசணம் பூத்துவிடும், பூத்தால் போகாது. நான் கஞ்சி போட்ட துணியை ஒரு வாரத்துக்கு மேல் மடித்து வைப்பதில்லை.

மேலே வெள்ளைச் சட்டைதான் வேண்டும் என்று இல்லை. சந்தன நிறம், இளம் மஞ்சள், வெளுத்த நீலம் எல்லாம் வெள்ளை வேட்டிக்கு நன்றாகச் சேரும்.

பெண்களுக்கு? நாலு பேருமே ஆண்கள்தானே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆண் பாத்திரத்திடமிருந்து பெண் எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் அதிகமாகப் போடும் உடுப்பே காமேஸ்வரனிடமிருந்து வந்ததுதான்.

பாலக்காடு என்றதும் எனக்குக் கேரளத்துப் பால்வெள்ளையும் பொன் கரையும்தான் கண்முன்னால் வந்தது. முழுச் செட்டு முண்டு (கேரளத்து இரண்டு துண்டுச் சேலை) கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போக முடியாது. அதனால் மெல்லிய கசவுக் கரை உள்ள நாலு முழ வேட்டி ஒன்றை வாங்கி எனக்குக் குர்த்தா தைத்துக்கொண்டேன். எப்படி என்று கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் வேட்டியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். பருத்தி சுருங்கும். வெட்டித் தைத்த பிறகு சுருங்கினால் கை ஏறாது. அடுத்து, வேட்டியில் கரை நீளவாக்கில் ஓடுகிறது. குர்த்தாவின் அடி ஓரத்தில் அந்தக் கரை சுற்றி வர வேண்டுமென்றால் துணியைப் படுக்கைவாக்கில் போட்டுத்தான் வெட்ட வேண்டும், வழக்கம்போல் நிறுத்தி வெட்டினால் கரை பக்கவாட்டில் போய்விடும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஒரே கரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டுங்கள், எதிர்க் கரையைக் கைகளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத் தையல் போடும்போது இரண்டு கரையும் ஒரு நூல்கூட ஏறி இறங்காமல் சந்திக்க வேண்டும். நான் அந்த இரண்டு அங்குலத்தை மட்டும் மெஷினில் ஓட்டுவதற்கு முன்னால் கையால் நூலோட்டிவிடுவேன். கடைசியாக, லைனிங். வேட்டித் துணி மெல்லியது, வெளிச்சத்தில் நின்றால் தெரியும். வெள்ளை லைனிங் வேண்டாம், உங்கள் தோல் நிறத்துக்கு ஒட்டிய நிறத்தில் கொடுத்தால்தான் உள்ளே இருப்பது தெரியாது.

தலைக்கு மல்லிகை. இந்தப் படத்தில் மல்லிகை வாசத்தைப் பற்றியே ஒரு பாட்டு இருக்கிறது, எஸ். ஜானகியோடு சேர்ந்து பாடியவர் மலேசியா வாசுதேவன், நம் நாட்டில் பிறந்தவர். அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிறையும். பூ விலை ஏறிக்கிடக்கிற நாட்களில் ஒரு சாண் போதும், பின்னலின் மேல்பக்கம் மட்டும் வைத்தால் கண்ணுக்குத் தெரியும்.

கதாநாயகிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஊர்வசியின் திருப்புரசுந்தரி, குஷ்புவின் ஷாலினி, ரூபினியின் சக்குபாய் என்று மூன்று பேர். எனக்கு ஷாலினி பிடிக்கும், ஓவியம் வரைகிற பெண். அவரிடமிருந்து உடுப்பை எடுக்கவில்லை, தைரியத்தை எடுத்தேன்: ஒன்றோடொன்று சேராது என்று நினைக்கும் இரண்டு நிறங்களைச் சேர்த்துப் பார்க்கும் தைரியம். மஞ்சள் மேலாடைக்கு ஊதா துப்பட்டா போட்டு ஒரு நாள் போனேன். அன்றைக்கு மூன்று பேர் நிறுத்திக் கேட்டார்கள்.

காக்கிச் சட்டை போட்டால் காவலாளி என்று நினைக்க மாட்டார்களா?

ராஜுவின் காக்கி எனக்கு மிகவும் பிடித்த நிறம். காக்கி என்றால் புழுதி நிறம், சொல்லே அந்தப் பொருளில் வந்ததுதான். செம்மண் சாலையும் செம்பனை லாரியும் உள்ள ஊரில் அழுக்குத் தெரியாத நிறம், வேலை செய்கிறவர்களின் நிறம். மரியாதையோடு போட வேண்டிய நிறம்.

தோளில் பட்டி வேண்டாம், பேட்ஜ் வேண்டாம், தொப்பி வேண்டாம். நம் ஊர் பொம்பாக்காரர்கள் (தீயணைப்புப் படையினர்) தீயிலும் வெள்ளத்திலும் இறங்குகிறவர்கள், அவர்கள் சீருடை அவர்களுக்கு மட்டும்தான். காக்கி நிறத்தில் சாதாரணப் பருத்திச் சட்டை, இரண்டு பை, கையை முழங்கை வரை அகலமாக இரண்டு மடிப்பு, கீழே கருநீலம் அல்லது கறுப்பு. காக்கிக்குக் காக்கியே கீழேயும் போட்டால்தான் காவலாளி மாதிரி ஆகும்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சட்டைக்குக் கரும்பச்சைக் காற்சட்டை போடாதீர்கள். எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் இடைநிலைப்பள்ளிப் பையன் மாதிரிதான் தெரியும்.

இந்த வெயிலில் மதன் மாதிரி கோட்டு போட முடியுமா?

பட்டணத்தில் நடந்து போக வேண்டியிருந்தால் முடியாது. நிச்சயதார்த்தம், வரவேற்பு, குளிர்சாதன மண்டபம் என்றால் போடலாம். லைனிங் இல்லாத பருத்தி அல்லது லினன் கோட்டு தேடுங்கள். பண்டல் கடையில் (பழைய உடுப்பு விற்கும் கடையில்) கோட்டு எடுக்கும்போது தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். கை நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், ஆனால் தோளைச் சரிசெய்ய எந்தத் தையல்காரரும் விரும்ப மாட்டார், செய்தாலும் கோட்டு விலையைவிடக் கூலி அதிகமாகும். இந்த விஷயத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். தம்பிக்கு எடுத்த கோட்டு, விலை மலிவு என்று தோளைப் பார்க்காமல் எடுத்துவிட்டேன், அது இன்றுவரை ஆணியில் தொங்குகிறது.

உண்மையில் மதனிடமிருந்து எடுக்க வேண்டியது கோட்டு அல்ல, சுத்தம். காலர் நிமிர்ந்திருக்க வேண்டும், பொத்தான் எல்லாம் இருக்க வேண்டும், சட்டை உள்ளே சொருகியிருக்க வேண்டும், செருப்பு துடைத்திருக்க வேண்டும். மதன் கோட்டுக்கு நம் நாட்டில் இன்னொரு பதிலும் இருக்கிறது, நீளக்கை பாத்தேக் (பாட்டிக்) சட்டை. பெரிய விருந்துக்கும் அதைப் போட்டுக்கொண்டு போகலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அரசாங்க வேலையில் இருக்கிறவர்கள் வியாழக்கிழமை பாத்தேக் போடுவது வழக்கம்தானே, அந்த ஒரு நாளை மதன் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கேல்?

மைக்கேலை நான் தொடுவதில்லை. முரட்டு ஆள், அந்த உடுப்பு எனக்கு வரவில்லை. யாருக்காவது பிடித்திருந்தால் கறுப்புச் சட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கைலி கட்டுவதை ஃபேஷன் என்று சொல்லலாமா?

ஏன் சொல்லக் கூடாது? நம் தாத்தாமார் சாயந்தரம் குளித்துவிட்டுக் கட்டிக்கொண்ட கட்டம் போட்ட கைலியைத்தான் மலாய்க்காரர்கள் காயின் பெலிக்காட் என்கிறார்கள். அந்தப் பெலிக்காட் வேறு எதுவும் அல்ல, நம் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே இருக்கும் அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த துணி, ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டு வந்துவிட்டது. நான் பழைய கைலிகளை வெட்டிச் சட்டைக்குக் காலரும் பையும் வைக்கிறேன். காக்கிச் சட்டைக்கு உள்காலரில் கட்டம் போட்ட கைலித் துணி வைத்துப் பாருங்கள், காலரைக் கொஞ்சம் தூக்கினால் மட்டும் தெரியும். என் தம்பிக்குத் தைத்துக் கொடுத்ததிலேயே அவன் விரும்பிப் போடுவது அதுதான்.

துணி எங்கே வாங்குகிறீர்கள்? நிறையச் செலவாகுமா?

பாதி பண்டல் கடை, பாதி ஈப்போ. பண்டலில் சட்டை ஐந்து வெள்ளி (ரிங்கிட்), பத்து வெள்ளிக்குக் கிடைக்கும், ஆனால் பொறுமை வேண்டும், ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். வாங்கியதும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போட்ட பிறகுதான் வீட்டுக்குள் எடுப்பேன். வேட்டி, கசவு, நல்ல பருத்தி எல்லாம் ஈப்போ லிட்டில் இந்தியாவில், ஜாலான் லஹாட் பக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், பேருந்திலும் போகலாம். தீபாவளிக்கு முந்தைய மாதம் போகாதீர்கள், கூட்டத்தில் துணியைத் தொட்டுப் பார்க்கக்கூட இடம் இருக்காது. தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போனால் கடைக்காரரே உட்காரவைத்துக் காட்டுவார்.

பருத்தியா பாலியஸ்டர் கலந்ததா என்று சந்தேகமாக இருந்தால் துணியின் ஒரு மூலையைக் கைக்குள் வைத்து நன்றாகக் கசக்கி விடுங்கள். பருத்தி கசங்கியது கசங்கியபடியே இருக்கும். கலப்பு துள்ளி விரிந்துவிடும். கலப்புத் துணி கெட்டது என்று சொல்ல வரவில்லை, மழைக்காலத்தில் சீக்கிரம் காயும், ஆனால் மோட்டாரில் போகும் நாளுக்கு அது வேண்டாம்.

நாங்கள் நாலு பேர் கூட்டாளிகள். தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்கு நாலு பாத்திரமாகப் போகலாமா?

போங்கள், எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஒரே துணியில் நாலு பேரும் ஜிப்பா தைப்பதைவிட இது எவ்வளவோ அழகு. ஒருவர் வெள்ளை வேட்டி சந்தனச் சட்டை, ஒருவர் காக்கி, ஒருவர் நீளக்கை பாத்தேக் அல்லது கோட்டு, ஒருவர் கறுப்பு. நாலையும் சேர்த்துக் காட்ட ஒரு பொதுப் பொருள் வேண்டும். அண்ணன் தம்பிகள் என்று தெரிய வேண்டுமே. ஒரே மஞ்சள் துணியில் நாலு கைக்குட்டை தைத்து ஆளுக்கு ஒன்றாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கால் மீட்டர் துணி போதும், ஓரம் பீக்கோ போட்டால் நூல் பிரியாது.

வீட்டில் பெரியவர்கள் என்ன சொன்னார்கள்?

அம்மா முதலில் “வேட்டியை வெட்டிட்டியே” என்று ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டார். நியாயம்தான், வேட்டி வெட்டுகிற துணி இல்லை என்று வளர்ந்தவர். தைத்து முடித்து நான் போட்டுக்கொண்டு வந்து நின்றதும் பக்கத்துத் தையலைத் தடவி, கரை சேரும் இடத்தை விரலால் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அப்பாவுடைய திருவிழாத் துண்டு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து என் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார். அப்பா இல்லாமல் ஆறு வருடம் ஆகிறது. அந்தத் துண்டை நான் வெட்டவில்லை. கோயிலுக்குப் போகும்போது கசவுக் குர்த்தாவுக்கு மேலே துப்பட்டாவாகத் தோளில் போட்டுக்கொள்கிறேன், ஒரு ஓரத்தில் விபூதிக் கறை இன்னும் இருக்கிறது.